ஒண்ணாப்பிலேயே ஆரம்பிக்கட்டும் உடம்புப் பாடம்!

(செக்காலை, காரைக்குடியிலிருந்து ஒரு சித்த மருத்துவர்)

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உங்கள் வீட்டு ஒண்ணாப்பு, ரெண்டாப்புப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அஞ்சே அஞ்சு கேள்வி கேளுங்கள்.

1. ஸ்கூல்ல இன்னிக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனே?

2. மத்தியானம் சாப்பிடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கை கழுவினியா, இல்லே சும்மா தண்ணியிலே நனைச்சியா?

3. கொண்டுபோன பாட்டில் தண்ணி தீர்ந்துச்சா?

4. நாய் பிறாண்டிட்டா வீட்டிலே வந்து சொல்லுவியா, திட்டுவாங்கன்னு மறைச்சிடுவியா?

5. உனக்குப் பிடிக்காத மாதிரி யாராச்சும் தொட்டா என்ன பண்ணுவே?

இதே பிள்ளையிடம் 'சுத்தமாக இருப்பதால் வரும் நன்மைகள் யாவை?' என்று கேட்டுப் பாருங்கள். மூச்சு விடாமல் ஒப்பிக்கும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிடும். ஆனால் மேலே சொன்ன அஞ்சு கேள்விக்கு வரும் பதிலைக் கேட்டால் உங்களுக்கே கொஞ்சம் திக்கென்றிருக்கும்.

சுகாதாரம் என்பது நம் பிள்ளைகளுக்கு வாயில் இருக்கிறது, கையில் இல்லை. உடம்புக்கு ஒன்று என்றால் அதைப் பெரியவர்களிடம் வந்து சொல்லும் தைரியமும் பல பிள்ளைகளுக்கு இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் இந்த இரண்டும் வந்துவிட வேண்டும். கையில் பழக்கம், வாயில் தைரியம். இதற்கு என்ன செய்யலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பெற்றோருக்கும் டீச்சர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பெயர் புதுசு, விஷயம் பழசு!

தன் உடம்பு, தன் கூட்டாளிகள், தன் ஆரோக்கியம் ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து இங்கிலாந்தின் ஆரம்பப் பள்ளிகளில் தனியாகச் சொல்லித் தருகிறார்கள். 2020 செப்டம்பரிலிருந்து அங்கே எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் உறவுகள் பற்றிய கல்வி கட்டாயம். அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகளில் ஆரோக்கியக் கல்வியும் கட்டாயம்.

'வெள்ளைக்காரன் சொன்னாத்தான் நமக்கு ஏறுமா, டாக்டர்?' என்று நீங்கள் கேட்கலாம். நம்மிடம் இது முன்பே இருந்ததுதான். 1937-ல் வார்தாவில் காந்திஜி கூட்டிய கல்வி மாநாட்டிலிருந்து பிறந்தது ஆதாரக் கல்வி. அதை சேவாகிராமத்தில் நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகம். கூடவே அவர் மனைவி ஆஷாதேவி. அந்தப் பள்ளியில் துப்புரவும் கைத்தொழிலும் பாடத்துக்கு வெளியே இருந்த வேலைகள் அல்ல, அதுதான் பாடமே. 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை ஆரம்பித்தபோது, கிராமத்துப் படிப்பையும் கிராமத்து ஆரோக்கியத்தையும் ஒரே இடத்தில் வைத்தார்கள்.

நம் காரைக்குடிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இத்தாலியிலிருந்து 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்தவர் மரியா மாண்டிசோரி. அவரும் ஒரு டாக்டர்தான் என்பது பலருக்குத் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு அவர் முதலில் வைத்த பயிற்சிகள் என்ன தெரியுமா? சட்டைப் பொத்தான் போடுவது, சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது, மேஜை துடைப்பது! எழுத்தும் எண்ணும் அப்புறம்தான். வள்ளல் அழகப்பர் பெயரில் இங்கே நடக்கும் கல்வி நிலையங்களில் மாண்டிசோரி பள்ளியும் ஒன்று.

சித்த மருத்துவத்தில் தேரையரின் 'நோய் அணுகா விதி'யை முதல் வருஷத்திலேயே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எப்போது குளிப்பது, எப்படிச் சாப்பிடுவது, எதை அடக்கக் கூடாது என்று நோய் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்வது அது. இவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ஆரோக்கியம் என்பது தினமும் செய்து பழக வேண்டிய காரியம்.

சரி, எதை, எப்படிப் பழக்குவது? ஆறு பாடமாகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதல் பாடம்: கை

தமிழ்நாட்டு அரசு ஆரம்பப் பள்ளிகளில் இதற்கு அருமையான ஒரு வகுப்பறை இருக்கிறது. அதுதான் சாப்பாட்டு நேரம்! 1920-ல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஆரம்பித்த மதிய உணவு, காமராஜர் காலத்தில் ஊர் ஊராகப் போய், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்தது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் துவங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆக, ஒரு பிள்ளை பள்ளியில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை சாப்பிடுகிறது. இரண்டு தடவை கை கழுவிப் பழக வாய்ப்பு. இந்த வாய்ப்பைக் கோட்டை விடலாமா?

வகுப்பில் இப்படிச் செய்து காட்டுங்கள். பிள்ளையின் உள்ளங்கையில் ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு சிட்டிகை காபித்தூளைத் தூவி, இரண்டு கையையும் தேய்க்கச் சொல்லுங்கள். 'இதுதான் கிருமின்னு வச்சுக்குவோம்' என்று சொல்லுங்கள். முதலில் வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். போகாது! விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்புறம் சோப்புப் போட்டு, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகநுனி என்று வரிசையாகத் தேய்க்கச் சொல்லுங்கள். 20 வரை நிதானமாக எண்ணும் நேரம் தேய்த்தால் போதும். இதை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு நீங்கள் மறுபடி பிரசங்கம் செய்யத் தேவையில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன்? வயிற்றுப் பூச்சிதான் காரணம். உருண்டைப் புழுவில் ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். அது மலத்தோடு மண்ணுக்குப் போய், கை வழியாகவும் கழுவாத காய்கறி வழியாகவும் மறுபடி வாய்க்கு வருகிறது. கொக்கிப் புழு இன்னும் கெட்டிக்காரப் புழு. அதன் குஞ்சு ஈர மண்ணில் காத்திருந்து, செருப்பில்லாத காலின் தோல் வழியாகவே உள்ளே நுழைந்துவிடும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். பிள்ளை சோகை பிடித்து, 'படிப்பிலே கவனமே இல்லை' என்று பெயர் வாங்கும். ராத்திரியில் ஆசனவாயில் அரிப்பு என்று பிள்ளை சொன்னால் அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. சொறிந்த நகத்திலேயே அதன் முட்டை இருக்கும்.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015-லிருந்து நடக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். நான் சித்த மருத்துவன்தான். ஆனாலும் சொல்கிறேன், அந்த மாத்திரையைத் தட்டாமல் மென்று சாப்பிடச் சொல்லுங்கள். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் மட்டும் டீச்சரிடம் சொல்லுங்கள். விடுபட்டவர்களுக்கு இன்னொரு நாள் கொடுப்பார்கள். 'எங்க அப்பத்தா காலத்திலே வெளக்கெண்ணெய் குடுப்பாங்களே' என்று வீட்டிலேயே பேதிக்குக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம். சின்ன உடம்பில் நீர்ச்சத்து சீக்கிரம் வற்றிவிடும். பேதி மருந்து என்பது வைத்தியர் பார்த்து, அளவு சொல்லித் தர வேண்டிய விஷயம்.

டீச்சர்களுக்கு ஒரு வார்த்தை: பாடம் சொன்ன இடத்தில் சோப்பு இருக்கணும். குழாயடியில் சோப்பில்லாமல் 'சோப்புப் போடு' என்று சொன்னால், அது பொய்ப் பாடம் என்று ஆறு வயசுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும். பழைய நைலான் வலையிலோ காலுறையிலோ ஒரு சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுங்கள். கீழே விழாது, காணாமலும் போகாது.

இரண்டாம் பாடம்: பல்

ஒண்ணாப்புக்குப் போகிற வயசில் வாய்க்குள் ஒரு முக்கியமான விருந்தாளி வருகிறார். ஆறு வயசு வாக்கில், பால் பல் வரிசைக்கும் பின்னால், கடைசியில், ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். அதற்காக எந்தப் பல்லும் விழாது. அதனால் வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை. 'பால் பல்லுதானே, சொத்தையானா விழுந்து புதுசு முளைக்கும்' என்று விட்டுவிடுவார்கள். அது பால் பல் இல்லை, ஐயா! அறுபது வயசு வரைக்கும் கூட வர வேண்டிய பல். போனால் போனதுதான்.

பாடம் இப்படி: ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்து, தன் பல்லைத் தானே எண்ணச் சொல்லுங்கள். பால் பல் மொத்தம் 20. அதற்கு மேல் பின்னால் ஒன்று தட்டுப்பட்டால், 'இதுதான் உன் ஆறு வயசுப் பல், இதை நீதான் காப்பாத்தணும்' என்று சொல்லுங்கள். பிள்ளைக்குப் பெருமை தாங்காது.

ராத்திரி படுக்கும் முன் பல் தேய்ப்பதுதான் காலையில் தேய்ப்பதைவிட முக்கியம். ராத்திரி முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும் தித்திப்புதான் சொத்தைக்கு விதை. பட்டாணி அளவு பேஸ்ட் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். ஏழெட்டு வயசு வரைக்கும் பிள்ளை தேய்த்த பிறகு நீங்கள் ஒரு தடவை தேய்த்துவிடுங்கள். செங்கல் பொடி, அடுப்புக் கரி எல்லாம் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். அது வேண்டாம்.

மூன்றாம் பாடம்: தட்டு

எங்கள் வைத்தியத்தில் சுவை ஆறு: இனிப்பு, புளிப்பு, உப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு. இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லிக் கொடுக்கலாம். 'இன்னிக்குத் தட்டிலே எத்தனை சுவை வந்துச்சு?' என்று கேட்டுப் பாருங்கள். இனிப்பும் உப்பும் காரமும் உடனே சொல்லும். கசப்பும் துவர்ப்பும் பெரும்பாலும் இருக்காது. வாரத்துக்கு ஒரு நாள் பாகற்காய், சுண்டைக்காய். இன்னொரு நாள் வாழைப்பூ, அத்திக்காய் என்று கொஞ்சமாக வையுங்கள். 'ஒரே ஒரு வாய்' என்பது சட்டம். அதற்கு மேல் கட்டாயப்படுத்தாதீர்கள். புதுச் சுவை பழகப் பத்து தடவைகூட ஆகலாம்.

காலையில் காபியும் பன்னும் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை விடுங்கள். காபி, டீ சாப்பாட்டோடு சேர்ந்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். முருங்கைக்கீரையோடு எலுமிச்சைச் சாறோ, ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாயங்காலத்துக்கு அஞ்சு ரூபாய் பாக்கெட்டுக்குப் பதில் நம் ஊர் கும்மாயம் இருக்கிறதே! உளுந்தும் பாசிப்பருப்பும் கருப்பட்டியும் சேர்ந்தது. அளவாக ஒரு கரண்டி கொடுத்தால் போதும்.

ஜப்பானில் 2005-ல் உணவுக் கல்விக்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். அங்கே பள்ளியில் பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு, கூட்டாளிகளுக்குச் சாப்பாடு பரிமாறுகிறார்கள். நம் பள்ளியிலும் வாரத்துக்கு இரண்டு பிள்ளைகளைப் 'பந்தி விசாரிக்க' வைக்கலாமே! விருந்தோம்பலுக்குப் பேர் போன ஊர் இது. சூடான பாத்திரத்தைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். யார் வீணாக்கினார்கள், யார் முட்டை சாப்பிடவில்லை, யார் தட்டில் காய் ஒதுங்கிக் கிடக்கிறது என்று பிள்ளைகளே பார்க்கட்டும்.

நான்காம் பாடம்: தண்ணீரும் கழிப்பறையும்

இது கொஞ்சம் சங்கடமான பாடம். ஆனால் என்னிடம் வரும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளில் வயிற்று வலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு என்று வருபவர்கள் நிறைய. விசாரித்தால் காரணம் ஒன்றாகவே இருக்கும். காலையில் அவசரத்தில் வெளிக்கிப் போகவில்லை. பள்ளியில் கழிப்பறை நாறுகிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் போகவில்லை. போகாமல் இருக்கணுமே என்று தண்ணீரே குடிக்கவில்லை. குறிப்பாகப் பெண் பிள்ளைகள். நோய் அணுகா விதியின் முக்கியமான பாடமே இயற்கை வேகங்களை அடக்காதே என்பதுதான். நம் பிள்ளைகள் ஆறு வயசிலேயே அடக்கப் பழகிக்கொள்கிறார்கள்!

பிள்ளையிடம் சொல்ல வேண்டியது: 'வந்தா அடக்காதே. கையைத் தூக்கிக் கேளு. மிஸ் திட்ட மாட்டாங்க.' டீச்சரிடம் கேட்டுக்கொள்வது: அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்லிக் கொடுப்பது அம்மாவின் வேலை. ஒண்ணாப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்து, பத்து நிமிஷம் அவசரப்படுத்தாமல் கழிப்பறையில் உட்கார விடுங்கள். ஒரு மாசத்தில் பழகிவிடும்.

கேரளப் பள்ளிகளில் 2019-ல் 'வாட்டர் பெல்' கொண்டு வந்தார்கள். மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும். காலணா செலவில்லை. சித்திரை, வைகாசி வெயிலை அனுபவித்த சிவகங்கைச் சீமைக்கு இது எவ்வளவு தேவை என்று நான் சொல்லணுமா? பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் சோப்புக்கும் தாழ்ப்பாளுக்கும் வாயைத் திறந்து கேளுங்கள். மார்க்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்தால் எப்படி?

ஐந்தாம் பாடம்: ஒளிக்காமல் சொல்வது

ஆறு பாடத்தில் உயிரைக் காப்பாற்றும் பாடம் இதுதான். நிதானமாகப் படியுங்கள்.

தெருவில் விளையாடப் போன பிள்ளையை நாய் லேசாகப் பிறாண்டுகிறது. ரத்தம் வந்ததோ இல்லையோ, பிள்ளைக்கு முதலில் வரும் பயம் நாயைப் பற்றியது இல்லை. 'அம்மா அடிப்பாங்களே' என்ற பயம்தான். டவுசரை இழுத்து மறைத்துக்கொள்ளும். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்துவிட்டால், உலகத்தில் எந்த வைத்தியத்திலும் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். அறிகுறி வருவதற்கு முன் தடுத்துவிட்டால் முழுசாகத் தப்பிக்கலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது என்ன? பிள்ளை வாயைத் திறந்து சொல்கிறதா இல்லையா என்பதுதான்.

சொன்னால் என்ன செய்ய வேண்டும்? காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடுங்கள், அங்கே இலவசம். ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போட இன்னொரு ஊசியும் தேவைப்படும். எத்தனை தடவை வரச் சொல்கிறார்களோ, அத்தனை தடவையும் போய் முடியுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலை எதையும் வைக்காதீர்கள். ஒரு சித்த மருத்துவன் சொல்கிறேன், இதற்கு மூலிகை தேடிக்கொண்டு ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காதீர்கள். பூனை, குரங்கு கடித்தாலும் இதே கதைதான்.

இப்போது இன்னொரு விஷயம். பிள்ளையைத் தப்பாகத் தொடுகிறவன் பெரும்பாலும் முன்பின் தெரியாதவன் இல்லை, பழகிய முகம்தான். அவனுக்கு இரண்டு பலம் இருக்கிறது. ஒன்று, பிள்ளைக்கு அதைச் சொல்ல வார்த்தை தெரியாது. இரண்டு, 'சொன்னா உன்னைத்தான் திட்டுவாங்க' என்ற மிரட்டல் பலிக்கும். இந்த இரண்டையும் நாம் பிடுங்கிவிடலாம்.

வார்த்தையைக் கொடுங்கள். கண், மூக்கு, காது என்று சொல்லிக் கொடுக்கும்போதே, உள்ளாடை மறைக்கும் உறுப்புகளுக்கும் உங்கள் வீட்டில் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய ஒரு பெயரைச் சொல்லிக் கொடுங்கள். 'ச்சீ, வெட்கம்!' என்று சிரிக்காதீர்கள். 'இது உன்னோட இடம். குளிப்பாட்டும்போது அம்மா தொடலாம். உடம்பு சரியில்லாதப்போ அம்மா பக்கத்திலே இருக்க, டாக்டர் பார்க்கலாம். வேற யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, அவங்களோடதைத் தொடச் சொல்லவும் கூடாது' என்று சொல்லுங்கள். இவ்வளவுதான் பாடம். பையனுக்கும் இதே பாடம்தான். பையனுக்கு எதுவும் நடக்காது என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் மூன்று காரியம்: 'வேணாம்'னு சத்தமாச் சொல்லு. அங்கேயிருந்து ஓடு. நம்பிக்கையான பெரியவங்ககிட்டே சொல்லு. ஒருத்தர் நம்பலேன்னா இன்னொருத்தர்கிட்டே சொல்லு. அந்த 'நம்பிக்கையான பெரியவர்கள்' யார் யார் என்று பிள்ளையே ஒரு கையின் அஞ்சு விரலுக்கு அஞ்சு பேரைச் சொல்லட்டும். அம்மா, அப்பா, அப்பத்தா, டீச்சர், பக்கத்து வீட்டு அத்தை... யாராக இருந்தாலும் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்.

நாமும் ஒரு வழக்கத்தை விடணும். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம், 'மாமாவுக்கு ஒரு முத்தா குடு, குடுக்க மாட்டியா, கெட்ட பிள்ளை!' என்று பிள்ளையைத் தள்ளிவிடுகிறோமே, அங்கேதான் இந்தப் பாடம் அழிகிறது. பிள்ளை மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். கையெடுத்துக் கும்பிட்டு 'வாங்க' என்று சொன்னால் போதாதா? அதுதானே நம் பக்கத்து மரியாதை!

பிள்ளை ஏதாவது சொன்னால், முதலில் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அலறாதீர்கள், 'நீ ஏன் அங்கே போனே?' என்று கேட்காதீர்கள். 'சொன்னது ரொம்ப நல்லது, தப்பு உன் மேலே இல்லை' என்பது முதல் வார்த்தையாக இருக்கட்டும். 1098 என்ற எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாகப் போன் செய்யலாம். 2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயசுக்கு உட்பட்ட ஆண், பெண் இரு பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். 'குடும்ப மானம்' என்று மூடி வைத்தால், நாம் காப்பாற்றுவது பிள்ளையை இல்லை.

ஆறாம் பாடம்: கூட்டாளியும் தெருவும்

தலையில் பேன், விரல் இடுக்கில் சொறி, காதில் சீழ் என்று வரும் பிள்ளையை மற்ற பிள்ளைகள் என்ன செய்யும் தெரியுமா? 'கிட்டே வராதே' என்று பெயர் வைத்துத் துரத்தும். அந்தப் பிள்ளை அடுத்த தடவை மறைக்கும். மறைத்தால் மொத்த வகுப்புக்கும் பரவும். 'நோய் யாருக்கும் வரும். பேனும் சொறியும் மருந்து போட்டால் போய்விடும். கேலி செய்தால் போகாது' என்பது ஒரு பாடம். சொறி என்றால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும் என்பதையும் அம்மாக்களிடம் சொல்லுங்கள். கண்ணாடி போட்ட பிள்ளை, திக்கிப் பேசும் பிள்ளை, கால் ஊனமான பிள்ளை எல்லோரும் இந்தப் பாடத்துக்குள் வருவார்கள்.

பள்ளியைக் கூட்டி வைப்பதிலும் நியாயம் வேண்டும். வகுப்பறையைத் துடைப்பது, கரும்பலகை அழிப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துச் செய்யலாம். ஆண், பெண் வித்தியாசமில்லாமல். எப்போதும் குறிப்பிட்ட சில வீட்டுப் பிள்ளைகளையே கூப்பிட்டால், அங்கே நாம் சுத்தம் சொல்லிக் கொடுக்கவில்லை, சாதி சொல்லிக் கொடுக்கிறோம். கழிப்பறை கழுவும் வேலையை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாது.

தெருவுக்கு வருவோம். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். நல்ல தண்ணீரில் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவினால் கொசு வரிசை அறுந்துவிடும். செட்டிநாட்டு வீடுகளில் முற்றத்துத் தொட்டி, மழைத் தண்ணீர் பிடிக்கும் அண்டா, பூட்டிக் கிடக்கும் வீட்டின் கட்டு, தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர் என்று கொசுவுக்கு இடம் ஏராளம். நாலாப்பு, அஞ்சாப்புப் பிள்ளைகளுக்கு 'ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்டர்' பதவி கொடுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, தண்ணீர் தேங்கிய இடத்தை எழுதி அப்பாவிடம் கையெழுத்து வாங்கணும். அப்பாக்கள் தப்பிக்க முடியாது, பாருங்கள்!

எண்ணெய்க் குளியல் ஒரு பரிசோதனை!

வாரத்துக்கு ஒருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள். சளி, காய்ச்சல் இருக்கும்போது மட்டும் வேண்டாம். சின்னப் பிள்ளையின் உச்சி முதல் உள்ளங்கால் வரை அம்மாவின் கை போகும் நேரம் அது. தேமல், சொறி, பேன், காதுச் சீழ், கழுத்தில் கட்டி, காலில் முள், மறைத்து வைத்த நாய்ப் பிறாண்டல் எல்லாம் அப்போது தெரிந்துவிடும். பேச்சும் வரும். 'இது எப்படிம்மா ஆச்சு?' என்று மெல்லக் கேளுங்கள். பெரிய பிள்ளை ஆகிவிட்டால் தானே தேய்த்துக்கொள்ளட்டும். முதுகை மட்டும் நீங்கள் பாருங்கள்.

கட்டம் கட்டி வைத்துக்கொள்ள...

* ஒண்ணாப்பு, ரெண்டாப்பு: சோப்புப் போட்டுக் கை கழுவ, ராத்திரி பல் தேய்க்க, ஒண்ணுக்குப் போகக் கேட்க, உடம்பு உறுப்புகளின் பெயர் சொல்ல, 'வேணாம், ஓடு, சொல்லு' செய்து காட்டத் தெரியணும்.

* மூணாப்பு: தன் தட்டில் ஆறு சுவை எண்ண, தானே குளிக்க, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்க்க, நாய் கடித்தால் என்ன செய்வது என்று சொல்லத் தெரியணும்.

* நாலாப்பு, அஞ்சாப்பு: சின்னக் காயத்தைக் கழுவிக் கட்ட, வீட்டில் கொசு இருக்கும் இடம் கண்டுபிடிக்க, கேலிக்கு ஆளான கூட்டாளிக்குத் துணை நிற்க, 1098 என்ற எண்ணை மனசில் வைத்திருக்கத் தெரியணும்.

* எல்லா வகுப்புக்கும்: 6 வயசு முதல் 12 வயசு வரை தினமும் 9 மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம். படுக்கையில் செல்போன் வேண்டாம்.

டீச்சர்களே, இதற்குத் தனிப் பீரியடு கேட்டுக் காத்திருக்க வேண்டாம். காலைக் கூட்டம் முடிந்து பத்து நிமிஷம், சாப்பாட்டு மணிக்கு முன் அஞ்சு நிமிஷம். ஒரு வாரத்துக்கு ஒரே விஷயம். அதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பெற்றோர்களே, அந்த வாரம் என்ன பாடம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வீட்டிலும் அதையே செய்யுங்கள். பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்றால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும்.

முதல் வேலையாக, மேலே சொன்ன அஞ்சு கேள்வியை இன்று ராத்திரி கேட்டுவிடுங்கள். என்ன பதில் வந்தாலும் திட்டாதீர்கள். இன்றைக்குத் திட்டு வாங்காமல் பதில் சொன்ன பிள்ளைதான், நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் நேரே உங்களிடம் ஓடி வரும்.